மீன்குளத்தில் அரை அடி சேறு: முழுக்க இறைச்சு விடலாமா?

தக்கலை_விளை | பிப்ரவரி 24, காலை 9:10

எல்லோருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு விளையில் ஒரு சிமெண்ட் குளம் இருக்கிறது. 12 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி ஆழம். மாமனார் ஆசைப்பட்டுக் கட்டியது. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அடியைத் தொட்டதில்லை. பதினான்கு கோய் கெண்டை கிடக்கின்றன. கப்பி எத்தனை என்று கணக்கில்லை. இரண்டு தொட்டியில் அல்லி.

மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர். தை மாதம் முழுக்க அந்த இலை எல்லாம் எங்கள் குளத்தில்தான். போன ஞாயிற்றுக்கிழமை சேறு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் கம்பை விட்டேன். அரை அடி இறங்கியது. சும்மா இருந்திருக்கலாம், நாலு இடத்தில் கிண்டியும் பார்த்தேன். குமிழி குமிழியாக வந்தது, அழுகின முட்டை நாற்றம், கம்பின் நுனியில் மை மாதிரி கருப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால் அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பதறிப்போய் ஓஸ் போட்டு வெள்ளம் அடித்தேன். எட்டு மணிக்கு மேல் தானாகக் கீழே போய்விட்டன.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புது வெள்ளம் விடச் சொல்கிறான் தம்பி. மாமியாரோ, "சேத்த தொடாத, மீனுக்கு அதுலதான் உயிரு" என்கிறார். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், அவர் எந்தக் கட்சி என்று சொல்லாமல் தப்பித்துக்கொண்டார். நீங்கள் சொல்லுங்கள்.

(வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர், விளை என்றால் தோட்டம். குளம் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.)

நாரோயில்_டாங்க் | பிப்ரவரி 24, காலை 9:32

முதலில் அந்த மூங்கில் கம்பை எடுத்துப் பந்தலுக்குப் போட்டுவிடுங்கள் அக்கா.

பிளீச்சிங் பவுடர் பேச்சே வேண்டாம். மிச்சம் மீதி குளோரின் கொஞ்சம் இருந்தாலே மீனின் செவுள் வெந்துவிடும். குளத்தில் கழிவைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியாவும் அதோடு போகும். மூன்று கேள்வி: தண்ணீர் கிணறா, பைப்பா? மீனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி? காற்று மோட்டார் இருக்கிறதா?

தக்கலை_விளை | பிப்ரவரி 24, காலை 10:05

கிணற்று வெள்ளம்தான். தீனி காலை, மதியம், மாலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கை போடுவார்கள், அதைச் சேர்த்தால் நாலு. காற்று மோட்டார் இருந்தது. போன வருடம் இடி விழுந்தபோது போய்விட்டது, மாற்றவில்லை.

நாரோயில்_டாங்க் | பிப்ரவரி 24, காலை 10:11

நாலு தடவையா! சேறு எங்கிருந்து வந்தது என்று ரப்பர்காரனைக் குறை சொல்ல வேண்டாம், பாதி உங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது.

கோய் கெண்டைக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது. குடல் மட்டும்தான். தின்றதைச் சேர்த்து வைக்க இடமில்லாததால் போடப் போடத் தின்றுகொண்டே இருக்கும், அதே வேகத்தில் பின்னால் விட்டுக்கொண்டும் இருக்கும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளைக்கு இரண்டு தடவை, அவ்வளவு போதும். இன்றைக்கு ஒன்றுமே போடாதீர்கள்.

அருமனை_ஷீட் | பிப்ரவரி 24, மதியம் 1:40

எதற்கு இவ்வளவு யோசனை? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நாங்கள் குளத்தையும் முழுக்க இறைத்துவிடுவோம். மீனை வாளியில் பிடித்துப் போடு, தொட்டியை பிரஷ் வைத்துத் தேய், புதுத் தண்ணீர் விடு, மீனைத் திரும்பப் போடு. அரை நாள் வேலை. பத்து வருடத்தில் ஒரு மீன் செத்ததில்லை. அரை அடி சேற்றை வைத்துக்கொண்டு பூஜை பண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பின்குறிப்பு: ரப்பர்காரனைச் சொன்னவருக்கு, நானும் ரப்பர்காரன்தான் ஓய்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | பிப்ரவரி 24, மாலை 4:15

ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் கரும்பலகையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கருப்பு நிறமும் முட்டை நாற்றமும் என்ன சொல்கின்றன என்றால், சேற்றின் உள்ளே ஆக்சிஜன் துளிகூட இல்லை. மேல் விரற்கடை அளவு பழுப்பாக இருக்கும், அங்கே காற்று படும். அதற்குக் கீழே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா வேலை செய்கிறது. அது விடுகிற வாயுதான் ஹைட்ரஜன் சல்பைடு. தொந்தரவு செய்யாத வரை சேற்றுக்குள்ளேயே கிடக்கும். கம்பை விட்டுக் கிண்டினால் அந்த வாயு, அதோடு அமோனியா, பாதி மக்கின இலைத் தூள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வருகின்றன. அவை தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன.

மீன் ஏன் மறுநாள் விடியற்காலையில் மேலே வந்தது? பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜன் தரும். இரவில் அவையும் மூச்சு விடும், எடுத்துக்கொள்ள மட்டும் செய்யும். ஆகவே எந்தக் குளத்திலும் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியும் முன்தான். அதோடு நம்மூர்ச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய ஏழரைதான். கோடை நெருங்க நெருங்க இருப்பு குறைகிறது, செலவு கூடுகிறது.

இப்போது அளவு. 12 x 8 x 3, 288 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 8,150 லிட்டர். அதில் அரை அடிச் சேறு என்றால் 48 கன அடி, 1,360 லிட்டர். இருபது லிட்டர் வாளியில் அள்ளினால் 68 வாளி. ஒரே நாளில் 68 வாளி கருஞ்சேற்றைக் கலக்கினால் குளத்தின் நிலை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மாமியார் சொன்னதில் பாதி சரி. சேற்றில் மீனுக்கு உயிர் இல்லை, ஆனால் அதைத் தப்பாகத் தொட்டால் உயிர் போகும்.

என் யோசனை: மூன்றில் ஒரு பங்கு அடியை மட்டும் ஒரு தடவை எடுங்கள். இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் அடுத்த பங்கு. கடைசியில் ஒரு விரல் அளவு இருந்தால் இருக்கட்டும், சுத்தமாகத் துடைக்க அது அடுப்படி இல்லை.

அருமனை_ஷீட் | பிப்ரவரி 24, மாலை 5:02

சார் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது, ஆனாலும் என் பத்து வருட அனுபவம்?

நாரோயில்_டாங்க் | பிப்ரவரி 24, மாலை 5:06

அண்ணே, உங்கள் குளம் எவ்வளவு பெரிசு, என்ன மீன்?

அருமனை_ஷீட் | பிப்ரவரி 24, மாலை 5:20

இரண்டு சிமெண்ட் கிணற்று உறை. ஜிலேபி மீன்.

நாரோயில்_டாங்க் | பிப்ரவரி 24, மாலை 5:21

ஜிலேபியை சாக்கடையில் விட்டாலும் குஞ்சு பொரித்துப் பெருகும் அண்ணே. கோய் கெண்டை வேறு சாதி.

விளவங்கோடு_பசுமை | பிப்ரவரி 24, இரவு 8:30

நான் இயற்கை விவசாயம் செய்கிறேன். ஒரு கிலோ கருப்பட்டியும் ஈஎம் என்கிற நல்ல நுண்ணுயிர்க் கரைசலும் கலந்து ஊற்றினால் நுண்ணுயிர் பெருகி சேற்றைத் தின்றுவிடும். எங்கள் குளத்தில் செய்தேன், நாற்றம் போய்விட்டது. அதோடு ஒரு கூடை சுண்ணாம்பையும் கரைத்து விட்டால் அடி இறுகிவிடும்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | பிப்ரவரி 24, இரவு 9:15

கருப்பட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கத் தப்பில்லை. இனிப்பைப் போட்டால் நுண்ணுயிர் பெருகும், அமோனியாவையும் இழுத்துக்கொள்ளும். பயோபிளாக் முறையில் மீன் வளர்ப்பவர்கள் வெல்லப்பாகு ஊற்றுவது அதற்குத்தான். ஆனால் அவர்கள் தொட்டியில் காற்று மோட்டார் இரவும் பகலும் கொதிக்கிற மாதிரி ஓடும். பெருகுகிற நுண்ணுயிருக்கும் மூச்சு வேண்டுமே. காற்றில்லாத குளத்தில் ஒரு கிலோ கருப்பட்டி ஊற்றினால் மறுநாள் விடியும்போது மீனுக்கு ஆக்சிஜன் மிஞ்சாது. கடையில் விற்கிற பாக்டீரியா பவுடருக்கும் இதே கதைதான். காற்று இருந்தால் மெல்ல வேலை செய்யும். ரப்பர் இலையின் காம்பை எல்லாம் அது கரைக்காது.

சுண்ணாம்பு மட்டும், மீன் இருக்கும்போது, தயவுசெய்து வேண்டாம். அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது செவுளை அழிக்கிற நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் நஞ்சு உருவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 9 ஆனால் நூற்றுக்கு நாற்பது. சுட்ட சுண்ணாம்பு பிஎச்சை ஒரே மணி நேரத்தில் அங்கே ஏற்றிவிடும். சேற்றைக் கிளறி அமோனியாவையும் வெளியே விட்டு, சுண்ணாம்பையும் போட்டால் ஆயிற்று. பண்ணைக் குளத்தில் சுண்ணாம்பு தூவுகிறார்கள்தான். அது தண்ணீரை வடித்து, அடி வெடிக்கிற வரை காயவிட்டு, மீன் ஒன்றுகூட இல்லாத நேரத்தில்.

தக்கலை_விளை | பிப்ரவரி 25, காலை 7:00

மூன்று வருடம் முன்னால் ஒருதடவை வெள்ளம் பச்சையாக இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு மாமனார் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். மறுநாள் ஒன்பது மீன் மிதந்தது. நோய் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | பிப்ரவரி 25, காலை 7:40

வருத்தப்பட வேண்டாம் அம்மா. அப்போது யார் சொன்னாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கிணற்றுத் தண்ணீரின் பிஎச் ஒருமுறை பாருங்கள். தக்கலைப் பக்கம் வெட்டுகல் பூமி, தண்ணீர் கொஞ்சம் அமிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் சுண்ணாம்புக்குப் பதில் கடற்கரையிலிருந்து சிப்பி ஓடு இரண்டு கிலோ பொறுக்கி, நன்றாகக் கழுவி, வலைப் பையில் கட்டிக் குளத்தில் தொங்கவிடுங்கள். சூளைக்குப் போகும் முன் சுண்ணாம்பும் இதே ஓடுதான். தண்ணீர் அமிலமானால் கரையும், சரியானதும் கரைவது நின்றுபோகும். அளவு மீறாது.

குளச்சல்_வலை | பிப்ரவரி 25, காலை 11:25

அக்கா, எடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மறுபடி சேராமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். 200 லிட்டர் நீல டிரம் ஒன்று வாங்குங்கள். குளத்தின் அடியிலிருந்து வரும் பைப்பை டிரம்மின் ஓரத்தில் சாய்வாக நுழைத்து விட்டால் தண்ணீர் உள்ளே சுற்றும். சுற்றச் சுற்ற கனமான கசடு நடுவில் கூடி அடியில் இறங்கும். அடியில் ஒரு வால்வு வைத்து வாரம் ஒருமுறை திறந்து விட்டால் கருப்பாக வாழைக்குப் போகும். மேலே வழிகிற தண்ணீரை இரண்டாவது டிரம்முக்கு விடுங்கள்.

இரண்டாவது டிரம்முக்குக் கடையில் விற்கிற மேட், பந்து எதுவும் வேண்டாம். எங்கள் ஊர்க் கடற்கரையில் கிழிந்த நைலான் வலை சும்மா கிடைக்கும். நல்ல தண்ணீரில் நாலு நாள் ஊறப்போட்டு உப்பு போனபிறகு சுருட்டித் திணியுங்கள். அந்த நூலில் எல்லாம் பாக்டீரியா வீடு கட்டும். பல வருடம் உழைக்கும். கழுவும்போது பைப் தண்ணீரில் கழுவாதீர்கள், குளத்துத் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசினால் போதும். சுத்தமாக்குகிறேன் என்று குளோரின் தண்ணீரில் கழுவினால் வீடு இருக்கும், குடியிருப்பவர்கள் இருக்க மாட்டார்கள்.

மோட்டார் மணிக்கு 2,000 லிட்டர் போதும். வேகம் கூடினால் கசடு அடியில் இறங்க நேரம் கிடைக்காமல் அப்படியே குளத்துக்குத் திரும்பி வரும்.

பிச்சிப்பூ | பிப்ரவரி 25, மதியம் 12:50

சக்கர் மீன் இரண்டு விட்டால் சேற்றைத் தின்றுவிடும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

நாரோயில்_டாங்க் | பிப்ரவரி 25, மதியம் 1:15

சேற்றைத் தின்னாது, பாசியைச் சுரண்டும். தின்றதை அதே குளத்தில் விட்டு இன்னும் கொஞ்சம் சேறு சேர்க்கும். வளர்ந்தால் முழங்கை நீளம் வரும். அதுவரை வைத்திருந்துவிட்டு, பாவம் பார்த்து ஊர்க் குளத்தில் கொண்டு விடுவார்கள். அதுதான் பெரிய பாவம். நாட்டு மீனின் முட்டை, குஞ்சு எதுவும் தப்பாது. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியவை. அங்கே போய் இதை விட்டால் நன்றாகவா இருக்கும்?

நைட்_டூட்டி | பிப்ரவரி 25, இரவு 11:48

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் கண்ணில் படுகிற விஷயம் இரண்டு மட்டும் சொல்கிறேன்.

சேற்றில் இறங்கும்போது முழங்கால் வரை பூட்ஸ், கையுறை போடுங்கள். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் வேண்டாம், வேறு ஆளை விடுங்கள். தோட்டத்துக் குளத்தில் எலி மூத்திரம் கலப்பது சாதாரணம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் குளத்தில் இறங்கினேன் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரைக் கடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, மோட்டாரைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு அதே தண்ணீரில் ஆள் நிற்கவே கூடாது. மோட்டார் போகிற லைனில் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருமனை_ஷீட் | பிப்ரவரி 26, காலை 6:30

இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்து விளையில் எட்டு அடி ஆழத்துக்கு உறை இறக்கி மேலே சிலாப் மூடின தொட்டி ஒன்று உண்டு. மூன்று வருடம் முன்னால் சேறு அள்ள ஒருவர் இறங்கினார். கீழே போனதும், "நாத்தம் நின்னுட்டு" என்று சொன்னார். அடுத்த நிமிடம் சரிந்துவிட்டார். கயிறு கட்டி இறக்கியிருந்ததால் இழுத்துப் போட்டோம், பிழைத்தார்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | பிப்ரவரி 26, காலை 7:05

நாற்றம் நின்றது வாயு போனதால் அல்ல. ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கு மரத்துவிடும். மூன்றடித் திறந்த குளத்தில் அந்தப் பயம் இல்லை. மூடின தொட்டி, ஆழமான உறை என்றால் ஆள் இறங்கவே வேண்டாம், மேலே நின்று உறிஞ்சி எடுக்க வேண்டும். மேலே நிற்பவர் காப்பாற்றக் குதிப்பதால்தான் இரண்டு மூன்று பேராகப் போகிறார்கள்.

தக்கலை_விளை | மார்ச் 2, இரவு 8:40

முதல் சுற்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சனிக்கிழமை தீனி போடவில்லை. புதுக் காற்று மோட்டார், 40 வாட்ஸ், வெள்ளி இரவே போட்டாயிற்று. (இரவும் பகலும் ஓடினாலும் நாளைக்கு ஒரு யூனிட்தான் என்று தம்பி கணக்குப் போட்டுச் சொன்னதும் மாமியார் சம்மதித்தார்.) ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறின பிறகு எட்டரைக்குத் தொடங்கினோம். கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து மேலாக இலையை மட்டும் அரித்தோம். அதுவே ஆறு சாந்துச்சட்டி.

அப்புறம்தான் தம்பி ஆர்வக்கோளாறில் கிணற்று மோட்டாரைக் கொண்டு வந்து சேற்றில் இறக்கினான். நாலு நிமிடம் ஓடியது. ரப்பர் இலைக் காம்பு உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு உறுமத் தொடங்கிவிட்டது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம். இதற்கு நடுவில் இரண்டு மீனைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சருவத்தில் போட்டு வைத்தோம், மூட மறந்துவிட்டோம். ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. பூனை பார்ப்பதற்குள் பாட்டி பார்த்துவிட்டார். செதில் இரண்டு போயிற்று, உயிர் இருக்கிறது.

எங்கள் விளை கிழக்கே சரிவு. மோட்டாரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஒன்றரை அங்குல பச்சை ஓஸை நிறைய வெள்ளம் நிரப்பி, ஒரு முனையைக் குளத்து அடியிலும் மறுமுனையைக் கீழே வாழைத்தடத்திலும் போட்டேன். குளத்து முனையில் ஐந்தடி பிவிசி பைப்பைச் சொருகிக்கொண்டு, கரையில் நின்றபடியே, வீடு கூட்டுகிற மாதிரி மெல்ல மெல்ல நகர்த்தினேன். கருப்புக் கூழாக வாழைத்தடத்தில் விழுந்தது. குளத்தில் கலங்கலே இல்லை, மீன் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் வெள்ளம் அரை அடி இறங்கியது, அத்தோடு நிறுத்திவிட்டேன். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை, கால் பங்கு இருக்கும். கிணற்று வெள்ளத்தை ஷவர் மாதிரி மேலேயிருந்து தூவிவிட்டு சாயங்காலத்துக்குள் நிரப்பினேன்.

இன்று விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட மேலே வரவில்லை. பிஎச் ஆறரை. சிப்பி ஓடு தொங்கவிட்டாயிற்று.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | மார்ச் 2, இரவு 9:10

அரை அடி என்றால் 1,360 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் மாறியிருக்கிறது, மீனுக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. மேலேயிருந்து தூவியது நல்ல காரியம், கிணற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். நூற்றுக்கு நூறு, மோட்டாருக்குப் பத்து கழித்துத் தொண்ணூறு.

அருமனை_ஷீட் | மார்ச் 2, இரவு 9:25

தங்கச்சி, ஓஸ் வேலையை நானும் உறைக்குச் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குத் தேய்ப்பதை விடமாட்டேன், அது வேறு.

குளச்சல்_வலை | மார்ச் 3, காலை 10:00

அக்கா, அள்ளின இலையையும் சேற்றையும் உடனே தூரமாகக் கொட்டிவிடாதீர்கள். ஒரு இரவு குளக்கரையிலேயே ஈரமாகக் குவித்து வையுங்கள். தலைப்பிரட்டை, நத்தை, தும்பிப் புழு எல்லாம் அதற்குள் இருக்கும், ஊர்ந்து திரும்பப் போய்விடும். தும்பிப் புழு கொசுப்புழுவைத் தின்னும், வீணாக்கக் கூடாது. அந்தச் சருவத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள், கொசு குளத்தில் வராது, மறந்துபோன பாத்திரத்தில்தான் வரும்.

தக்கலை_விளை | ஏப்ரல் 14, மதியம் 3:20

சித்திரை விஷு வாழ்த்துகள். இரண்டு வாரத்துக்கு ஒருதடவையாக இன்னும் மூன்று தடவை ஓஸ் போட்டேன். கடைசியாகப் பார்த்தபோது ஒன்றரை அங்குலம், நிறம் பழுப்பு, நாற்றம் இல்லை. தீனி இரண்டு வேளை. பிள்ளைகளுக்கு ஒரு தீப்பெட்டி கொடுத்து, இது நிறைய அளந்து போட்டால் போதும் என்றிருக்கிறேன். டிரம் ஒன்று வைத்தாயிற்று, இரண்டாவதற்குக் குளச்சலிலிருந்து வலை வரவேண்டும். அடுத்த மார்கழியில் ரப்பர் இலை உதிரத் தொடங்கும் முன் குளத்துக்கு மேலே வலை கட்டிவிடப் போகிறேன். கொக்கும் மீன்கொத்தியும் வராமல் இருக்கும். டிரம்மிலிருந்து வழிகிற இடத்தில் ஜல்லி போட்டு நாலு கல்வாழை நட்டிருக்கிறேன், தளதளவென்று வருகிறது.

சேற்றோடு ஒரு பித்தளைக் கிண்ணியும் வந்தது. மாமனார் மீனுக்குத் தீனி போட வைத்திருந்தது. இரண்டு வருடமாக வேலைக்காரியின் பேரில் இருந்த சந்தேகம் தீர்ந்தது. மாமியார் புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஒரு சந்தேகம். வாழைத்தடத்தில் விட்டது போக, ஒதுக்கி வைத்த சேறு நாலைந்து சாக்கு வரும். அதைப் பச்சையாகவே தென்னைக்குப் போடலாமா?

விளவங்கோடு_பசுமை | பிப்ரவரியில் திட்டு வாங்கியவர் | ஏப்ரல் 14, மாலை 5:45

இதில் எனக்குக் கொஞ்சம் தெரியும், நம்பலாம். பச்சையாகப் போடாதீர்கள், காற்றில்லாமல் கிடந்த சேறு வேரைச் சுடும். நிழலில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, நடுவில் ஒருதடவை புரட்டி, மூன்று வாரம் காயவிடுங்கள். கருப்பு போய் மண் நிறம் வரும், வாசனையும் மழை பெய்த மண் மாதிரி ஆகிவிடும். அப்புறம் தண்டில் ஒட்டாமல் சுற்றித் தூவலாம். குளத்தில் மீனுக்கு உப்பு ஏதும் போட்டிருந்தால் மட்டும் வேண்டாம்.

தக்கலை_விளை | ஏப்ரல் 14, மாலை 6:02

உப்பு போடவில்லை. நன்றி அண்ணா. கருப்பட்டியை நான் காப்பிக்கே வைத்துக்கொள்கிறேன்.

பிச்சிப்பூ | ஏப்ரல் 14, இரவு 7:30

அக்கா, நான் தோவாளை. எங்கள் பிச்சித் தோட்டத்துக்கு அந்தச் சேறு இரண்டு சாக்கு தருவீர்களா? மே முதல் சனிக்கிழமை தக்கலையில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், வண்டி காலியாகத்தான் திரும்பும்.

தக்கலை_விளை | ஏப்ரல் 14, இரவு 7:44

வாருங்கள், காய்ந்து தயாராக இருக்கும். சாக்கு மட்டும் நீங்கள் கொண்டு வரவேண்டும், இங்கே இருந்ததையெல்லாம் தம்பி ரப்பர் இலை அள்ளக் கிழித்துவிட்டான்.